கோட்டுக்கு வெளியே நிற்பவன்

வடசென்னை வியாசர்பாடியில், முல்லை நகர் மைதானத்துப் புழுதியில், மாலை வேளைகளில் கால்பந்துப் பயிற்சி நடப்பதைச் சென்னைவாசிகள் பலரும் அறிவார்கள். அந்தப் பேட்டைக்குச் 'சின்ன பிரேசில்' என்று பட்டப்பெயரே வழங்குகிறது. நான் அங்கே சென்றது கோல் போடும் சாமர்த்தியத்தைக் காண்பதற்காக அல்ல. பந்து பக்கக் கோட்டைக் கடந்தபின், எதிரணியான் ஒருவன் அதை இரு கைகளாலும் தலைக்குப் பின்னிருந்து உயர்த்தி உள்ளே எறிகிற அந்தச் சொற்ப நேரத்தில், தற்காத்து நிற்கும் பிள்ளைகள் செய்யவேண்டியது இன்னதென்று ஒரு பயிற்சியாளர் போதிக்கும் முறையைப் பார்ப்பதற்காகவே.

பந்து வெளியே போனதும் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்குவதும், பந்தை எடுக்கப் போனவனை வேடிக்கை பார்ப்பதும் விளையாடுகிறவர்களின் சுபாவம். அந்தச் சுபாவத்தைத்தான் அவர் முதலில் பிடித்து உலுக்கினார். "பந்து வெளிய போச்சுன்னா ஆட்டம் நின்னுச்சுன்னு எவன்டா சொன்னான்?" என்று அவர் அதட்டிய அதட்டலில், சாய்ந்து நின்ற பையன்கள் ஆளுக்கொரு எதிரியைத் தேடிப் பிடித்தார்கள். எதிரிக்கும் தங்கள் கோலுக்கும் நடுவே நிற்கவேண்டும். அவன் முதுகில் ஒட்டிக்கொண்டால் உடம்பைச் சுழற்றி நழுவிவிடுவான், எட்ட நின்றாலோ நிதானமாகத் திரும்பிவிடுவான், ஆகவே கை நீட்டினால் தொடுகிற தூரமே உசிதம். மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் ஃபுல்பேக், தன் ஆளை விட்டுவிட்டு நடுப்பக்கம் நெருங்கி வந்துவிடலாம். காலால் உதைத்த பந்து போகிற தூரம் கையால் எறிந்த பந்து போவதில்லை அல்லவா?

இதில் ஆப்சைடு என்கிற துணையும் கிடையாது. இப்படிக் கையால் எறிகிற த்ரோவிலிருந்து நேரே பந்தைப் பெறுகிறவனுக்கு ஆப்சைடு இல்லை என்று 1920-இலேயே விதி செய்துவிட்டார்கள். ஆகையால் பின்வரிசைக்காரர்கள் ஒரே கோடாக முன்னேறி எதிரியைச் சிக்கவைக்கலாம் என்று மனப்பால் குடிக்க இடமில்லை, ஓடுகிறவனோடு கூடவே ஓடித் தீரவேண்டும்.

ஆனால் அன்று அவர் அதிகப் பிரயாசை எடுத்துக்கொண்டது எல்லாரும் மறந்துவிடுகிற ஆசாமி விஷயத்தில். எறிகிறவன் கோட்டுக்கு வெளியே நிற்பதால், அந்த க்ஷணத்தில் உள்ளே எதிரணிக்கு ஓர் ஆள் குறைவு. எறிந்த மறுகணமே அவன் உள்ளே காலெடுத்து வைக்க, தோழன் பந்தை அவனுக்கே திருப்பித் தட்டிவிட, சுற்றிலும் ஒருவருமின்றிச் சாவகாசமாக நிற்கிறவன் அவன் ஒருவனே. மீதமாகிற நம் ஆளை அவனெதிரே, விதி சொல்லுகிற 2 மீட்டர் தள்ளி நிறுத்தி, "பந்து போற பக்கம் பாக்காத, அவன் காலைப் பாரு" என்றார். இந்த உபாயம் பெரிய ஆட்டங்களில்கூட அலட்சியப்படுத்தப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

நெடுந்தூர த்ரோ வேறு ஜாதி. இங்கிலாந்தில் ஸ்டோக் சிட்டி அணிக்கு ஆடிய ரோரி டெலப், பள்ளிப் பருவத்தில் ஈட்டி எறிந்து பழகிய கைக்காரர். 2008-இல் அவருக்கு அஞ்சி, ஹல் சிட்டி கோல்காப்பாளர் போவாஸ் மைஹில், த்ரோ கொடுப்பதைவிடக் கார்னர் கொடுப்பது மேல் என்று பந்தைத் தம் கோல்கோட்டுக்கு வெளியே உதைத்துவிட்ட கதை பிரசித்தம். கையால் எறிந்த பந்தில் வேகம் குறைவாதலால், அதைத் தலையால் முட்டுகிறவன் தன் சொந்த பலத்தினாலேயே தூரத்துக்கு அனுப்பவேண்டியிருக்கிறது. அரைகுறையாக முட்டினால் பந்து கோலெதிரிலேயே விழும். எனவே எதிரணியின் உயரக்காரனுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொருவரை நிறுத்திவிட்டு, மற்றவர்களை அந்த இரண்டாம் பந்துக்காகக் காத்திருக்கச் சொன்னார் பயிற்சியாளர். எவரும் தொடாமல் த்ரோ நேரே வலைக்குள் போனால் கோல் ஆகாது என்பதையும் காப்பாளனுக்கு நினைவூட்டினார்.

தாம் சொன்ன மைஹில் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காப்பாளப் பையனிடம், "உனக்குக் கார்னர் வேணுமா, த்ரோ வேணுமா?" என்று கேட்டார்.

"யாரு போடறான்னு பாத்துட்டுச் சொல்றேண்ணா."

அதை அவர் மறுக்கவில்லை. கோட்டைவிட்டு இரண்டடி முன்னே வந்து நிற்கும்படி மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த த்ரோவுக்கு விசில் ஊதினார்.