கிணற்றடிக் குளம்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு குளம் உண்டு. அதனைக் குளம் என்று நான் கூறினால் ஊரில் எவரும் ஒப்புக்கொள்ளார். வன்னியிற் பிறந்தவர்களுக்குக் குளம் என்றால் அணைக்கட்டும் துருசும் வாய்க்காலும் உடையது. அதன் கீழே வயல் இருக்கவேண்டும். அதன் பெயரால் ஓர் ஊரும் வழங்கவேண்டும். செட்டிகுளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம் என்று எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போனால், அங்கெல்லாம் மனிதர் குடியேறுவதற்கு முன்னரே நீர் குடியேறியிருந்தது என்று எண்ணத் தோன்றும். குளத்தினும் சிறியது மோட்டை. இறங்கிக் குளிப்பதற்குப் படி கட்டியது கேணி. யாழ்ப்பாணத்தவர் தோட்டத்துக்கு நீர் அள்ளத் தோண்டுவது துரவு. இத்தனை பெயர்கள் இருந்தும், 10 அடி நீளமும் 6 அடி அகலமும் 3 அடி ஆழமும் கொண்ட ஒரு சீமெந்துத் தொட்டிக்கு இவற்றுள் ஒன்றேனும் பொருந்தாது. ஆயினும் அதில் மீன் உண்டு, ஆம்பல் உண்டு, ஒரு காலத்தில் ஆமையும் இருந்தது. ஆகவே குளம் என்றே எழுதுகிறேன்.

மிளகாய்க் கன்றுகளுக்கு நீர் தேக்குவதற்காக அம்மப்பா கட்டிய தொட்டி அது. இடப்பெயர்வின் பின் 2010இல் நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது அதன் ஒரு பக்கச் சுவர் வெடித்து, உள்ளே நாயுருவி வளர்ந்திருந்தது. பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2020ஆம் ஆண்டில், கொரோனா ஊரடங்கினால் எவரும் எங்கும் செல்ல முடியாதிருந்த நாட்களில், வீட்டிற் கிடந்த சீமெந்தைக் குழைத்து அப்பா அதனைப் பூசினார். பாடசாலையும் மூடப்பட்டிருந்தது. தம்பிக்கு அப்போது எட்டு வயது. மீன் வளர்க்கலாம் என்ற யோசனை அவனுடையது. அதனைக் கெடுக்கும் முயற்சிகள் யாவும் என்னுடையவை.

புதுச் சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரைக் காரமாக்கும் என்பதை அம்மம்மா அறிந்திருந்தார். வாழைத்தண்டைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, மூன்று கிழமை ஊறவிட்டு, இடையிடையே நீரை மாற்றும்படி கூறினார். அவ்வாறே செய்தோம். பின்னர் அயல்வீட்டுக் கிணற்றிலிருந்து கப்பி மீன்களை வாளியால் அள்ளி வந்தோம். நுளம்புக் குடம்பிகளை உண்பதற்காகச் சுகாதாரப் பகுதியினர் கிணறுகளில் விட்ட மீன்கள் அவை. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னாரில் மலேரியாவைக் காவும் புதியதொரு நுளம்பினம் கண்டறியப்பட்டது. அது கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகுவது. எனவே கப்பிகளுக்கு எங்கள் மாகாணத்தில் அரச உத்தியோகம் உண்டு எனலாம். அவற்றுள் ஏறத்தாழ நாற்பதை நாங்கள் இடமாற்றம் செய்தோம். வாய்க்காலிற் பிடித்த சில கெண்டைகளும் சேர்ந்தன.

நான் சுத்தத்தில் நம்பிக்கை உடையவள். சனிக்கிழமை தோறும் தொட்டி நீர் முழுவதையும் இறைத்து, மீன்களை வாளியில் வைத்து, சுவரையும் கற்களையும் தேங்காய்த் தும்பினாற் பளபளக்கத் தேய்த்து, கிணற்று நீரால் நிரப்பினேன். பார்ப்பதற்குக் கண்ணாடி போல் இருக்கும். மூன்றாம் நாள் மீன்கள் மேலெழுந்து வாயைப் பிளந்தபடி நிற்கும். நான்காம் நாள் இரண்டு மிதக்கும். சுத்தம் போதவில்லை என்று கருதி மேலும் தேய்த்தேன். இரண்டு மாதங்களில் எஞ்சியவை பதினொன்று.

பின்னாளில் பல்கலைக்கழக விடுதியில், விஞ்ஞானம் பயிலும் அறைத்தோழி ஒருத்தி எனக்கு இதனை விளக்கினாள். மீனின் கழிவிலிருந்து அமோனியா உண்டாகின்றது. அது மீனுக்கே நஞ்சு. சுவரிலும் கல்லிலும் வழுவழுப்பாகப் படரும் படிவில் வாழும் பற்றீரியாக்களுள் ஒரு வகை அதனை நைத்திரைற்றாக மாற்றும். மற்றொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். நைத்திரைற்றும் நஞ்சுதான். நைத்திரேற்று அவ்வளவு தீங்கு செய்யாது. பாசியும் ஆம்பலும் அதனை உணவாகக் கொள்ளும். இந்தப் பற்றீரியாக்கள் ஒரு புதுத் தொட்டியில் நிலைகொள்வதற்குப் பல கிழமைகள் வேண்டும். நானோ அவற்றுக்கு ஏழு நாட்களுக்கு மேல் ஒருபோதும் அவகாசம் அளித்திலேன். அழுக்கென்று கருதித் தேய்த்தெறிந்தது அந்தக் குளத்தின் உயிரையே.

ஆனால் அவள் கூறுமுன்னரே குளம் திருந்திவிட்டிருந்தது. காரணம் என் அறிவன்று, உயர்தரப் பரீட்சை. படிப்பு வந்ததும் தேய்ப்பு நின்றது. ஆறு மாதங்கள் எவரும் தொடவில்லை. ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தம்பி நாளுக்கு இரண்டு வாளி ஊற்றினான், அவ்வளவே. நீர் முதலிற் பச்சையாகிப் பின்னர் தேநீர் நிறமாகித் தெளிந்தது. உடைந்த பானையொன்றிற் சேறிட்டு நட்ட ஆம்பல் இலை விரித்தது. தட்டான்கள் வந்தன. மீன்கொத்தி ஒன்று வேலிக் கிளுவையில் அமர்ந்து காலை தோறும் தன் வரியை அறவிட்டுச் சென்றது. பதினொரு மீன் எண்ண முடியாத மீன்களாயின.

அக்காலத்தில் மாலைவேளைகளில் அம்மம்மா குளக்கட்டில் அமர்ந்திருப்பார். கோயிற் பிரசங்கங்களிற் கேட்டவற்றை அவர் மறப்பதில்லை. குருவானவர் சீடனுக்கு அருள்செய்யும் முறைகளுக்குச் சைவநூலார் மூன்று உவமைகள் கூறுவர். பறவை தன் முட்டையை மேனியால் தொட்டுப் பொரிக்கும். மீன் கண்ணால் நோக்கிப் பொரிக்கும். ஆமை கரையில் முட்டையிட்டுவிட்டு நீருக்குட் சென்று மனத்தால் நினைத்தே பொரிக்கும். இவை முறையே பரிச தீட்சை, நயன தீட்சை, மானச தீட்சை. இவ்வுவமைகள் உயிரியலுக்கு ஒத்தவையல்ல. கப்பி முட்டையிடுவதில்லை, குட்டி போடும். போட்ட குட்டியைத் தானே தின்னவும் செய்யும். ஆமை மண்ணைத் தோண்டி முட்டையிட்டு மூடிச் செல்லும். மண்ணின் வெப்பம் பொரிக்கும். தாய் நினைத்ததோ மறந்ததோ எவர் அறிவார்? இதனை ஒருமுறை அம்மம்மாவிடம் எடுத்துரைத்தேன். "நீ படிச்சது மீனைப் பற்றி. அவை சொன்னது குருவைப் பற்றி" என்றார். அதற்கு இன்றுவரை என்னிடம் மறுமொழி இல்லை.

ஆமை வந்தது 2023 பங்குனியில். அரிவுவெட்டு முடிந்து வயல் காய்ந்துகொண்டிருந்தது. வாய்க்காலின் கடைசிச் சேற்றிற் கிடந்ததைத் தம்பி சைக்கிட் கூடையில் வைத்துக் கொண்டுவந்தான். ஒரு சாண் நீளம் இருக்கும். ஓட்டின் மேல் வழுவழுப்பான தோல்; அடிவயிறு பாலின் நிறம். அதனாலேதான் பாலாமை என்பர்; சிங்களத்திலும் 'கிரி இப்பா' என்னும் பெயர் அதே பொருளுடையது. இந்தியாவில் உள்ளதும் இதுவும் ஒன்றென முன்னர் கருதினர். இன்று இதனை இலங்கைக்கே உரிய தனியினமாகக் கொள்கின்றனர்.

அயலவர் ஒருவர் ஆமை புகுந்த வீடு பற்றிய பழமொழியைக் கூறிப் பயமுறுத்தினார். ஆமை என்றது பொறாமையையும் கல்லாமையையும் என்று பட்டிமன்ற மேடைகளில் விளக்கம் கூறுவோர் உண்டு. அந்த விளக்கத்தை நான் அவரிடம் ஒப்புவித்தேன். அவர் அதற்கு மயங்கவில்லை. இன்னொருவர் வேறு விதமாகப் பேசினார்: "வளர்த்தாலும் ஒருநாள் ஆரோ கறியாக்கத்தான் போறாங்கள்." அதை வைத்திருப்பதா என்று அம்மா தயங்கியபோது, வைத்திருக்க வேண்டும் என்று வாதாடியவள் நானே. விடுமுறைக்கு வந்திருந்த நான் பத்து நாளில் திரும்பிவிடுவேன். பார்க்க வேண்டியவன் தம்பி. எனினும் குளத்துக்கு ஓர் ஆமை வேண்டும் என்று என் மனம் அவாவியது.

தொடக்கத்திற் குறையொன்றும் தெரியவில்லை. நத்தையைத் தின்றது, மிதக்கும் மீனைத் தின்றது, தம்பி இடும் இறைச்சித் துண்டைக் கழுத்தை நீட்டிக் கௌவியது. கழுத்து அவ்வளவு நீளும் என்பதை அப்போதுதான் கண்டோம். சித்திரை மழை பெய்த இரவுகளில் மட்டும் அது அமைதியிழந்தது. ஆம்பற் பானையின் மேல் ஏறி விளிம்பைத் தாண்டிவிடும். மூன்று முறை படலையடியில் வைத்துத் தம்பி அதனைப் பிடித்தான். தொலைபேசியில் அவன் இதனைப் பெருமையுடன் கூறினான், நானும் சிரித்தேன், கம்பிவலை அடிக்கும்படி யோசனையும் கூறினேன். அடித்தான்.

ஆனியிற் சோளகம் வீசத் தொடங்கியது. பெருங்குளம் வற்றிற்று. அப்போது தம்பியின் குரல் மாறியது. "அக்கா, அது சாப்பிடுதில்லை. இரவிரவாய்ச் சுரண்டுது" என்றான். ஆடி விடுமுறையிற் சென்றபோது நானும் கேட்டேன். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும். சீமெந்தில் நகம் உராயும் ஒலி. சிறிது நேரம் நிற்கும், மீண்டும் தொடங்கும். விடியும்வரை அதே மூலை. விளக்கைக் கொண்டுசென்று பார்த்தபோது அது எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. காலையில் தூக்கிப் பார்த்தோம். முன்கால் நகங்கள் தேய்ந்து மழுங்கியிருந்தன. பால் நிறத்து அடிவயிறு உராய்ந்து சிவந்திருந்தது. தம்பி அரைத்த மஞ்சளைப் பூசினான். அது நீரிற் கரைந்து போயிற்று. ஒரு தாச்சியில் மணல் நிரப்பி இறக்கினோம். ஒரே இரவில் மணலை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, தாச்சியின் இரும்பைச் சுரண்டிற்று.

"அது சாப்பாடு கேக்கேல்லைப் பிள்ளை. மண் கேக்குது" என்றார் அம்மம்மா.

கோடையில் நீர் வற்றும்போது இவ்வினம் சேற்றினுட் புதைந்துகொள்ளும். உண்ணாமல், அசையாமல், மழை வரும்வரை கிடக்கும். எங்கள் பக்கத்துக் கமக்காரர் எவரும் இதனை அறிவர். எங்கள் தொட்டியில் நீர் வற்றவேயில்லை. அதற்காகத் தம்பி நாள்தோறும் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டிருந்தானே! ஆயினும் நீர் இருப்பதை அறியாத ஏதோ ஒன்று அதன் உடலினுள் ஆடி மாதத்தை எண்ணிக்கொண்டிருந்தது போலும். மூன்றடி ஆழ நீரும் வேளைக்கு உணவும் கொடுத்தோம். அரையடிச் சேறு கொடுத்தோமில்லை.

இதே நாட்களில், வேறெதையோ தேடிச் சென்ற இடத்தில், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என் கண்ணிற் பட்டது. காலத்துக்குக் காலம் திருத்தப்பட்டு வரும் அச்சட்டத்தின்படி எங்கள் பாலாமை பாதுகாக்கப்பட்ட உயிரினம்; அதனைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். ஐந்து மாதங்களாக நாங்கள் குற்றவாளிகள். நாணினேன், எனினும் உண்மையைக் கூறின், சட்டம் என்னைச் சுட்டதிலும் அந்தச் சுரண்டும் ஒலி என்னை அதிகம் சுட்டது.

விட்டுவிடுவோம் என்று தம்பியிடம் கூறினேன். அவன் கோபித்தான். அவன் கூறிய நியாயம் வலியது: குளத்தில் இப்போது நடுவிற் சிறு மடு மட்டுமே மிஞ்சியிருக்கிறது, அதைச் சுற்றி மீன் பிடிப்பவர்கள் நாள்முழுதும் நிற்கிறார்கள், ஆமை அகப்பட்டால் விடமாட்டார்கள். மழை வரும்வரை வைத்திருந்து ஐப்பசியில் விடலாமே? நானும் அவ்வாறு எண்ணாமலில்லை. ஆனால் ஐப்பசிக்கு இன்னும் மூன்று மாதம். அந்த நகங்கள் மூன்று நாள்கூடத் தாங்குமோ என்று ஐயுற்றேன். "நீதானே வைச்சிருக்கச் சொன்னனீ" என்றான். ஆம், நான்தான்.

மறுநாட் பொழுதுபடும் வேளையில், மீன் பிடிப்போர் வீடு திரும்பிய பின், மடுவின் மறுபக்கத்துக் கோரைக்குட் சென்றோம். சேறு கணுக்கால்வரை இருந்தது. தம்பிதான் இறக்கிவிட்டான். ஓடி மறையும் என்று எதிர்பார்த்தோம். அது ஓடவில்லை, தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு கல்லாகிவிட்டது. இவ்வினத்தின் வயிற்றோட்டில் பின்கால்களை மூடுவதற்கென இரண்டு தோல் மடிப்புகள் உண்டு. கதவு சாத்துவது போல அவையும் மூடிக்கொண்டன. அடக்கத்துக்கு வள்ளுவர் ஆமையை உவமை கூறினார். எனக்கு அன்று அது அடக்கமாகத் தோன்றவில்லை. எங்களை நம்பவில்லை என்றே தோன்றியது. ஒரு மணி நேரம் நின்றோம். யானை வரும் பாதை அது. இருட்டத் தொடங்கவே திரும்பினோம். விடியற்காலையில் என்னை எழுப்பாமலே தம்பி தனியே போய்ப் பார்த்து வந்தான். ஆமை இல்லை என்றான். சேற்றில் ஏதேனும் தடம் இருந்ததா, கிண்டிய அடையாளம் இருந்ததா, மனிதக் காலடி இருந்ததா என்று கேட்டேன். மாடுகள் இறங்கி மிதித்துவிட்டன என்றான்.

அவன் அதன் பின்னர் ஒரு கிழமை என்னுடன் பேசவில்லை. நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிறகு அப்பாவிடம் அலவாங்கு கேட்டு வாங்கி, ஆமை சுரண்டிய மூலையின் மேற்பகுதியை அரையடி உடைத்திருக்கிறான். வெளியே மண்ணைக் குவித்துச் சரிவாக்கி, உள்ளேயும் கல்லடுக்கிச் சேறு நிரப்பியிருக்கிறான். நீர் மட்டம் அரையடி இறங்கிவிட்டது என்று அம்மாவுக்குக் குறை. மீன்களுக்கு அது ஒரு பொருட்டன்று.

அந்த ஐப்பசியின் முதல் மழை பெய்த இரவில் அவன் தொலைபேசியில் அழைத்தான். இங்கே மலைநாட்டில் நாள்தோறும் மழை; அங்கே அன்றுதான் தொடங்கியிருந்தது. பேச்சினூடே தவளைகளின் இரைச்சல் கேட்டது. வாய்க்காலில் நீர் வந்துவிட்டதாம். உடைத்த மூலை வழியாக இரண்டு தவளைகள் உள்ளே இறங்கினவாம். சாமம் வரையும் ரோர்ச் லைற்றுடன் குளக்கட்டில் இருந்தவனை அம்மா ஏசி உள்ளே அழைத்துக்கொண்டாராம். ஆமையைப் பற்றி அவன் ஒன்றும் கூறவில்லை, நானும் கேட்கவில்லை. தொலைபேசியை அம்மம்மாவிடம் கொடுத்தான்.