பனிப் பாதையில் சுக்கான்

தமிழில் பனி என்பது ஒரே சொல். புல் நுனியில் நிற்கும் துளியும் பனியே. மார்கழி விடியலில் வயல்மீது படரும் மூட்டமும் பனியே. இமயத்தின் உச்சியில் உறைந்து கிடப்பதும் பனியே. முன்பனி, பின்பனி என்று ஆண்டின் நான்கு திங்களைப் பனிக்கே ஒதுக்கிய நம் முன்னோர், அது தெருவில் விழுந்து முழங்காலளவு குவிவதைக் கண்டவரல்லர். நம் மண்ணில் எப்போதேனும் விழும் ஆலங்கட்டிக்கு மட்டும் தனிப்பெயர் இட்டார்கள். அரபு மொழியிலோ, வானிலிருந்து பஞ்சுபோல் இறங்குவது ‘ஸல்ஜ்’. நீர் இறுகிக் கண்ணாடியாய்க் கிடப்பது ‘ஜலீத்’. கல்லாய் விழுவது ‘பரத்’. இவ்வேறுபாட்டை நாம் பல்லாண்டுகளாக மாணவர்க்குச் சொற்பொருளாகச் சொல்லி வருகிறோம். அதுவே ஓர் உயிர்காக்கும் வேறுபாடும் ஆகும் என்பதைக் காஷ்மீரத்தின் ஓட்டுநர் ஒருவர் வாயிலாகக் கேட்டறிந்தோம்.

வெயில் நாட்டினராகிய நமக்கு இச்செய்தி எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். நம் ஊர்களிலிருந்து பிழைப்பும் படிப்பும் நாடிச் சென்ற பிள்ளைகள் இன்று கனடாவிலும் ஐரோப்பாவிலும் தம் கையாலேயே கார் ஓட்டுகின்றனர். விடுமுறையில் காஷ்மீருக்கும் மணாலிக்கும் பனி பார்க்கச் செல்லும் குடும்பங்களும் பெருகிவிட்டன. முன்பு குளிர்காலம் முழுதும் அடைபட்டுக் கிடந்த பாதைகள் பல இப்போது திறந்திருக்கின்றன. ரோத்தாங் கணவாய்க்குக் கீழே சுமார் ஒன்பது கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஸோனாமார்க் செல்லும் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. சுரங்கம் தன் நீளத்துக்கு மட்டுமே நம்மைக் காக்கும். அதன் மறுவாயிலில் காத்திருப்பது பழைய பனிதான். உலர்ந்த தரையில் ஓடிவந்த சக்கரம் ஒரு நொடியில் உறைந்த தரைமீது ஏறும் இடமும் அதுவே.

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஸ்ரீநகரில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவரின் அழைப்பை ஏற்று நாம் அங்குச் சென்றிருந்தோம். காஷ்மீரிகள் குளிரை நாள் எண்ணிக் கழிப்பவர்கள். ‘சில்லே கலான்’ என்னும் கடுங்குளிர் நாற்பது நாள். அடுத்து ‘சில்லே குர்து’ இருபது நாள். கடைசியாகச் ‘சில்லே பச்சா’ பத்து நாள். நாம் சென்றது நடுவிலுள்ள இருபது நாட்களுள். குல்மார்க் செல்லும் பாதையில் தாங்மார்க் என்னும் சிற்றூர் வரை சாதாரண வண்டி போகும். அதற்கு மேல் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர் மலையேற்றம். பனி விழுந்த நாட்களில் சக்கரத்தில் சங்கிலி பூட்டாத வண்டியை மேலே விடுவதில்லை. அங்கே எம்மை ஏற்றிக்கொண்டவர் அறுபதைக் கடந்த ஓர் ஓட்டுநர். வேலூரில் ஓதிய நாட்களில் கற்ற உருது எமக்குக் கைகொடுத்தது.

அவர் ஏறி அமர்வதற்கு முன் செய்த காரியங்களை நாம் எண்ணிப் பார்த்தோம். வண்டியின் கூரைமீதிருந்த பனியைத் துடைப்பத்தால் தள்ளினார். பிரேக் பிடிக்கும்போது அது முன்கண்ணாடிமீது சரிந்து பார்வையை மறைக்குமாம். நான்கு புறக் கண்ணாடிகளையும், முன்விளக்கு, பின்விளக்கு அனைத்தையும் துடைத்தார். சங்கிலியை இறுக்கி, சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, இறங்கி மீண்டும் இறுக்கினார். “இத்தனை முறை ஏன், பாயீ ஸாஹிப்?” என்றோம். “மௌல்வி ஸாஹிப், மேலே போன பிறகு இறுக்குவதற்கு இடம் கிடைக்காது” என்றார். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்பது நம் மதரஸாச் சிறுவரும் அறிந்த பாடம். அப்பாடத்தின் இரும்பு வடிவத்தை அன்று சக்கரத்தில் கண்டோம்.

இனிக் காரணத்தைக் காண்போம். கார் ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் டயர் தரையைப் பற்றும் பிடிப்பினால்தான். ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கையளவே. உலர்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 9 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனிமீது அதற்கு 30 மீட்டர் வேண்டும். வழவழப்பான ஜலீதின்மீது 60 மீட்டருக்கும் மேல் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பிரேக்கை அடையும் ஒரு நொடியில் ஓடிவிடும் 11 மீட்டர் இக்கணக்கில் சேரவில்லை. ஆயினும் இதே கணிதத்தில் ஆறுதலும் உண்டு. வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் காற்பங்காகிவிடும். 20 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் அதே ஜலீதின்மீது சுமார் 16 மீட்டரில் நிற்பார். பனிப் பாதையில் மெல்லச் செல்வதைக் கோழைத்தனம் என்பாருக்கு இவ்விரு எண்களே போதிய விடை.

நம் கடற்கரை ஊர்களில் கப்பலோட்டிய குடும்பங்களில் ‘சுக்கான்’ என்னும் சொல் இன்றும் வழங்குகிறது. அது அரபுச் சொல். அமைதியைக் குறிக்கும் ‘ஸுகூன்’ என்பதும் அதே வேரினின்று பிறந்தது. கலம் அலைக்கழியாமல் அதனை அமைதியுறச் செய்வதால் அதற்கு ‘ஸுக்கான்’ என்று பெயர் வந்ததென அரபு அகராதியாளர் உரைப்பர். உறைந்த பாதையில் கார் ஒரு தோணியாகிவிடுகிறது. தோணிக்குப் பிரேக் இல்லை. சுக்கானைத் திருப்பிய கணமே அது திரும்புவதுமில்லை. துறையை நெருங்குமுன்னரே பாயைத் தளர்த்தும் மரக்காயரின் முன்யோசனைதான் பனியில் கார் ஓட்டுபவருக்கும் வேண்டும். வளைவில் வேகத்தைக் குறைப்பவர் காலம் கடந்தவர். வளைவுக்கு முன்பே குறைப்பவர் தேர்ந்தவர்.

இதிலிருந்து ஒரு பொது விதி பிறக்கிறது. டயரின் பிடிப்பு ஒரு சிறு மூலதனம்; ஒரு நேரத்தில் ஒரு செலவுக்கே அது காணும். திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்தாலும், திரும்பிக்கொண்டே வேகம் கூட்டினாலும் முதல் கரைந்துவிடும். ஆகவே நேர்ப்பாதையில் வேகத்தைக் குறைக்க வேண்டும்; குறைத்த பின் திருப்ப வேண்டும்; திரும்பி முடித்த பின்னரே மெல்ல விசை கொடுக்க வேண்டும். புறப்படும்போது சக்கரம் வீணே சுழலாதிருக்க இரண்டாம் கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுவர். இறக்கத்தில் பிரேக்கையே நம்பாமல், இறக்கம் தொடங்குமுன் தாழ்ந்த கியருக்கு மாறி, எஞ்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி செய்வர். ஏற்றத்தில் முன்வண்டி மேலே சென்று சேரும்வரை அடிவாரத்தில் காத்திருப்பர். நடு ஏற்றத்தில் நின்ற வண்டி மீண்டும் நகர்வது அரிது. முன்வண்டிக்கும் தமக்கும் எட்டு அல்லது பத்து நொடி இடைவெளி விடுவர். எம் ஓட்டுநரின் கைகள் அப்பதின்மூன்று கிலோமீட்டரில் ஒருமுறையும் வெடுக்கென்று அசையவில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் வண்டி சறுக்கினால் என் செய்வது? பின்புறம் இடப்பக்கமாக வழுக்கினால் சுக்கானையும் இடப்பக்கமே மெல்லத் திருப்ப வேண்டும். வலப்பக்கம் வழுக்கினால் வலப்பக்கம். முன்சக்கரங்கள் திரும்ப மறுத்து நேரே வழுக்கினால், விசையிலிருந்து காலை எடுத்து, திருப்பியதைச் சற்றே தளர்த்தி, பிடிப்பு மீளும்வரை பொறுக்க வேண்டும். கண் செல்ல வேண்டிய பாதைமீது நிற்க வேண்டும். பள்ளத்தையே நோக்குபவரின் கை பள்ளத்துக்கே இழுக்கும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு இருந்தால், அவசரத்தில் பிரேக்கை உறுதியாக அழுத்தி விடாமல் பிடிக்கலாம். காலடியில் தோன்றும் துடிப்புக்கு அஞ்சிக் காலை எடுத்துவிடலாகாது. அது இல்லாத பழைய வண்டியில் விட்டுவிட்டு அழுத்த வேண்டும். ஏ.பி.எஸ். வண்டியைத் திருப்பும் ஆற்றலைக் காக்குமேயன்றிப் பனியில் நிற்கும் தூரத்தைச் சுருக்கும் மந்திரமன்று.

ஜலீத் ஒளிந்திருக்கும் இடங்களை அறிவது அடுத்த கலை. கண்ணுக்குத் தெரியும் வெண்பனியைவிடத் தெரியாத மெல்லிய உறைநீரே கொடியது. அது நிறமற்றது, தாரின் கருமையே அதனூடே தெரிவதால் வெறும் ஈரம்போல் தோன்றும். பகலில் உருகிய பனி நீராய்ச் சாலையில் வழிந்து இரவில் உறையும். எனவே விடியற்பொழுது அஞ்சத்தக்கது. வெயில் எட்டாத மலை வளைவு, பைன் மர நிழல், அடியிலும் காற்று புகுந்து குளிரும் பாலம் ஆகியவை முதலில் உறைந்து கடைசியில் உருகும். மற்றொரு வியப்பும் உண்டு. கடுங்குளிரில் இறுகிய பனியைவிடப் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கும் பனியே மிக வழுக்கும். மேற்பரப்பில் படரும் மெல்லிய நீர்ப்படலமே அதற்குக் காரணம். “இன்று குளிர் குறைவு” என்று மகிழ்பவர் அன்றுதான் கூடுதலாக விழித்திருக்க வேண்டும்.

டயரைப் பற்றியும் ஒரு சொல். சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் பிடிப்பை இழக்கத் தொடங்கும். குளிர்கால டயரின் ரப்பர் அக்குளிரிலும் இளக்கமாக இருக்கும்படி ஆக்கப்பட்டது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் பூட்டுவது சட்டக் கட்டாயம். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்ஜின் விசை செல்லும் வண்டியை வாங்கியவர்கள் தமக்கு இவையொன்றும் வேண்டாவென்று எண்ணுவதுண்டு. அவ்விசை வண்டியை நகர்த்த உதவும், நிறுத்த உதவாது. நிற்கும் வேளையில் எல்லா வண்டிக்கும் நான்கு சக்கரமே, நான்கு பிரேக்கே. எளிதில் புறப்பட முடிந்தவர் எளிதில் நிற்கவும் முடியும் என்று நம்புவதே விபத்தின் வாயிலாகிறது.

வழியில் சிக்கி நின்றுவிட்ட வண்டிக்கு வேறோர் ஆபத்து உண்டு. அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க எமக்கு மனம் வரவில்லை. பாகிஸ்தானின் மர்ரி என்னும் மலையூருக்கு 2022 ஜனவரித் தொடக்கத்தில் பனி காணத் திரளாகச் சென்ற மக்கள், ஏழாம் நாள் இரவு பெய்த கடும்பனியில் சாலையிலேயே சிக்கிக்கொண்டனர். விடிந்தபோது வண்டிகளுக்குள் 22 பேர் இறந்து கிடந்தனர். அவர்களுள் பத்துப் பேர் குழந்தைகள். குளிர் மட்டுமே அவர்களைக் கொல்லவில்லை. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவும் கொன்றதாகச் செய்திகள் கூறின. சூட்டுக்காக எஞ்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உறங்குவர். வெளியே குவியும் பனி புகைக்குழாயை அடைத்துவிடும். வெளியேற வழியற்ற வாயு உள்ளே புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே போய்விடுவார். குழந்தையைக் குளிரிலிருந்து காக்க எண்ணிய பெற்றோரின் அன்பே அங்கு வினையாயிற்று என்று நினைக்கும்போது நெஞ்சு பதைக்கிறது.

ஆகவே சிக்கியவர் முதலில் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும். பனி விழ விழ மீண்டும் அகற்ற வேண்டும். எஞ்ஜினைத் தொடர்ந்து ஓட்டாமல் மணிக்குப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி நிறுத்த வேண்டும். காற்று வரும் பக்கமல்லாத கண்ணாடியை விரலளவு இறக்கி வைக்க வேண்டும். காஷ்மீரிகள் ஃபெரனுக்குள் வைத்துக் குளிர்காயும் காங்கிரியிலும் எரிவது கரியே. அடைத்த வண்டிக்குள் அதுவும் அதே நஞ்சைத்தான் உமிழும். உதவி தேடி இருளில் நடந்து போவதைவிட வண்டியோடு இருப்பதே பெரும்பாலும் நலம். கம்பளி, குடிநீர், உணவு, சிறு மண்வெட்டி, டார்ச் விளக்கு ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும். இரவில் நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டால் அது உறைந்து ஒட்டிக்கொள்ளலாம். சமதரையில் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் வைப்பதே அங்குள்ளோர் வழக்கம்.

இத்தனை நெறிகளுக்கும் மேலான நெறி ஒன்றுண்டு, அது புறப்படாமலிருப்பது. வானிலை அறிவிப்பு எச்சரித்தால், சாலைக் காவலர் தடுத்தால், அன்று பயணமில்லை என்று சொல்லும் துணிவு வேண்டும். கட்டிய பணம் போகிறதே, விடுமுறை முடிகிறதே, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்களே என்னும் எண்ணங்கள்தாம் மக்களை மூடிய பாதைகளின் வாயிலில் வரிசை நிற்க வைக்கின்றன. பனி அடுத்த வாரமும் விழும். அடுத்த ஆண்டும் விழும்.

பழந்தமிழில் ‘பனித்தல்’ என்பதற்கு நடுங்குதல் என்றும் பொருள் உண்டு. உடல் நடுங்கலாம், கை நடுங்கலாகாது. பதறாத காரியம் சிதறாது என்னும் நம் முதுமொழி பனியே காணாத மண்ணில் பிறந்ததுதான். எனினும் உறைந்த பாதைக்கு அதனினும் பொருத்தமான சட்டம் ஒன்றை நாம் அறியோம். வெளிநாட்டில் கார் ஓட்டும் மகனுக்கோ மகளுக்கோ இன்று இரவு பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்டதோடு நில்லாமல், டயர் மாற்றிவிட்டாயா என்றும் ஒரு சொல் கேளுங்கள்.