வில்லும் சுமையும்

நம் நாட்டுப்புறங்களில் இருவகை மாட்டு வண்டிகள் ஓடிய காலம் ஒன்று உண்டு. ஒன்று கட்டை வண்டி, மற்றொன்று வில்வண்டி. கட்டை வண்டியில் அச்சின்மீது நேரே சட்டமும் பலகையும் இருக்கும். நெல்லும் எருவும் கல்லும் அதில் போகும். வில்வண்டியில் அச்சுக்கும் கூட்டுக்கும் இடையே எஃகுத் தகடுகளை அடுக்கிய வில் ஒன்று இருக்கும். பண்ணையார் வீட்டாரும் புதுமணப் பெண்ணும் அதில் போவார்கள். சுமைக்கு வில் வேண்டியதில்லை, மனிதருக்கு வேண்டும். அதிலும் வசதியுள்ள மனிதருக்கே வேண்டும் என்பது அக்கால ஏற்பாடு. மேல்நாட்டிலும் கதை இதுவேதான். 1804-இல் லண்டனில் ஒபடையா எலியட் என்பவர் நீள்வட்ட வில்லை வண்டியில் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வில் முதலில் தாங்கியது சீமான்களின் கோச்சு வண்டிகளைத்தான்.

இன்று நம் தெருக்களில் ஓடும் பிக்கப் வண்டி இவ்விரண்டும் கலந்த ஒரு பிறவி. சுமைக்காகப் பிறந்தது, ஆனால் வில் உண்டு. அந்த வில் யாருக்காக இருக்கிறது, சுமைக்கா, ஓட்டுகிற மனிதனுக்கா? இந்தக் கேள்வி எனக்குப் பாடநூலிலிருந்து எழவில்லை. வைட்ஃபீல்டில் நான் தங்கிப் படிக்கும் என் தாய்மாமன் வீட்டு வாசலிலிருந்து எழுந்தது.

வைட்ஃபீல்டை இப்போது எல்லாரும் கண்ணாடி மாளிகைகளின் ஊராகவே அறிவார்கள். 1882-இல் மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையார் ஆங்கிலோ-இந்தியர் சங்கத்துக்கு வழங்கிய 3,900 ஏக்கரில் எழுந்த குடியிருப்பு அது. வட்டத்துக்குள் வட்டமாகத் தெரு வகுத்து, வீட்டுக்கு வீடு தோட்டம் வைத்து, அமைதியாக வாழ எண்ணியவர்கள் அமைத்த ஊர். 1990-களில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. 2023-இல் மெட்ரோ ரயில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கல்லும் மணலும் கம்பியும் சுமந்து வந்த வண்டிகளுக்குக் கணக்கில்லை. அவ்வண்டிகளோடு ஜோலார்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தவர்களில் என் மாமாவும் ஒருவர். கட்டட வேலை குறைந்தபின் காய்கறிக்கு மாறினார். கோலார் சந்தையில் தக்காளி ஏற்றி, ஹொசகோட்டை வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் வந்து, காடுகோடியிலும் வைட்ஃபீல்டிலும் கடை கடையாக இறக்குவார். பதினேழு ஆண்டுப் பழைய பிக்கப் வண்டி. உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே, பல நாள்களில் சுமை இறக்குபவரும் அவரே.

சென்ற ஆண்டு வண்டியின் பின்புறம் தாழத் தொடங்கிற்று. சுமை ஏற்றினால் அடிச்சட்டம் இறங்கி ரப்பர்க் கட்டையில் இடிக்கும். சுமையை இறக்கிவிட்டுத் திரும்பும்போதோ ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி துள்ளும். மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் வருவார். அதே வேளையில் மொத்த வியாபாரி ஒருவர், நாளைக்கு 75 பெட்டிக்குப் பதிலாக 100 பெட்டி கொண்டுவந்தால் வாடகையைக் கூட்டித் தருவதாகச் சொன்னார். கோலார்ப் பெட்டி ஒன்றில் 15 கிலோ தக்காளி. 75 பெட்டி என்றால் 1,125 கிலோ. பிளாஸ்டிக் பெட்டிகளின் எடையையும் சேர்த்தால் அவருடைய வண்டியின் அனுமதியான ஒன்றேகால் டன்னை ஏறக்குறைய எட்டிவிடும். 100 பெட்டியில் தக்காளி மட்டுமே ஒன்றரை டன்.

வண்டிக்காரர்கள் எல்லாரும் சொன்ன யோசனை ஒன்றே: "ரெண்டு பட்டை கூடப் போட்டுடு."

பட்டை என்பது வில்லின் ஒவ்வொரு தகடு. நீண்ட மெயின் பட்டையின் கீழ் அதைவிடக் குறுகிய பட்டைகளை வரிசையாக அடுக்கி, நடுவில் ஓர் ஆணி போட்டு, யூ போல்ட்டால் அச்சோடு இறுக்கியிருப்பார்கள். இரண்டு பட்டை கூட்டினால் வண்டி நிமிரும், 100 பெட்டியும் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. மாமி இன்னொரு கணக்குப் போட்டாள். நாளைக்கு 25 பெட்டியின் கூடுதல் வாடகை ஓராண்டில் சின்னவளின் கல்லூரிக் கட்டணம். இரண்டு கணக்கையும் கேட்டுவிட்டு மாமா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பௌதிகம் படிக்கிறியே தம்பி, இதுக்கு உன்கிட்ட ஒரு கணக்கு இருக்கணுமே!"

இருக்கத்தான் செய்தது. நண்பர்களே, அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், சூத்திரம் எளியது. வில்லின்மேல் எடையை வைத்தால் வில் எவ்வளவு தாழ்கிறதோ, அந்த அளவைக் கொண்டே வண்டி நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்று சொல்லிவிடலாம். தாழ்வை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தால் அரையை வகுத்தால் போதும். வெறும் வண்டியில் பின்வில் இரண்டரை சென்டிமீட்டர் தாழ்கிறது என்று கொள்வோம். ஆட்டம் நொடிக்கு ஏறக்குறைய 3.2 முறை. சுமையேற்றி வில்லின்மேல் மும்மடங்கு எடை வந்தால் தாழ்வு ஏழரை சென்டிமீட்டர், ஆட்டம் 1.8 முறையாகக் குறைந்து மெல்ல அசையும். அதாவது இந்த வண்டியில் தக்காளி சுகமாக வருகிறது. தக்காளியை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு திரும்பும் மனிதன்தான் குலுங்குகிறான்.

இதில் இரண்டு பட்டை கூட்டினால் என்ன ஆகும்? ஐந்து பட்டை ஏழானால், ஒத்த பட்டைகளாயின், விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கூடும். வெறும் வண்டியின் ஆட்டம் 3.2-இலிருந்து 3.7-க்கு ஏறும். சின்ன வேறுபாடுதானே என்று தோன்றலாம். ஆனால் உட்கார்ந்திருக்கும் மனித உடல் மேல்கீழ் அதிர்வுகளில் எதை மிகவும் உணர்கிறது என்று ஆராய்ந்தவர்கள், நொடிக்கு 4 முதல் 8 வரையுள்ள அதிர்வுகளையே குறித்திருக்கிறார்கள். முதுகெலும்பும் வயிற்றுறுப்புகளும் அந்த எல்லையில் அதிர்வோடு ஒத்து ஆடத் தொடங்குகின்றன. ஒவ்வொரு பட்டையும் மாமாவின் இடுப்பை அந்த எல்லையை நோக்கித் தள்ளும். பழைய பட்டையைவிடத் தடித்த பட்டையைப் போட்டாலோ நிலைமை இன்னும் மோசம். தடிமன் கால் பங்கு கூடினாலே அந்தப் பட்டையின் விறைப்பு ஏறக்குறைய இருமடங்காகும். விறைப்பு தடிமனின் கன அளவில் ஏறுவது.

இவ்வளவும் சுகத்தைப் பற்றிய பேச்சு. உயிரைப் பற்றிய பேச்சு இனிமேல்தான் வருகிறது. பல பிக்கப் வண்டிகளில் பின்சக்கரப் பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள உயரத்தை ஒரு கோலின் வழியே அது உணரும். சட்டம் தாழ்ந்திருந்தால் வண்டியில் சுமை இருக்கிறது என்று கொண்டு பின்பிரேக்குக்கு விசையைக் கூட்டும். உயர்ந்திருந்தால் வெறும் வண்டி என்று கொண்டு குறைக்கும். பட்டையைக் கூட்டி, அந்த வால்வைத் திருத்தாமல் விட்டால், ஒன்றரை டன் ஏற்றிய பின்னும் சட்டம் அந்தச் சுமைக்கு உரிய அளவு தாழாது. வண்டியில் சுமை குறைவு என்றே வால்வு நம்பும். சுமை மிகுந்த வேளையில் பின்பிரேக் குறைந்து நிற்கும். பட்டை சுமையைத் தாங்கலாம். அச்சும், பேரிங்கும், டயரும், பிரேக்கும் பழைய எடைக்கு அளந்தவை. ஓர் உறுப்பை மட்டும் வலுவாக்கிவிட்டு வண்டியே வலுவானது என்று எண்ணுவது, பூட்டை மாற்றிவிட்டுக் கதவு புதிது என்று சொல்வது போன்றது.

சட்டமும் இதில் கண்மூடி இருக்கவில்லை. தயாரித்தவர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. மிகைச் சுமைக்கு, 2019-இல் வந்த திருத்தத்தின்படி, 20,000 ரூபாய் அபராதம். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மாமியின் கணக்கில் இந்த வரி இல்லை.

இன்னொரு கணக்கு நம் எல்லாருக்கும் பொதுவானது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓட்டாவா என்னும் ஊருக்கருகே தனிச் சாலைகள் போட்டு, லாரிகளை இடைவிடாமல் ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் சுமை இருமடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்காகும் என்பது அச்சோதனையிலிருந்து பெற்ற விதி. மிகைச் சுமை சாலையைக் குழியாக்குகிறது. குழி பட்டையை ஒடிக்கிறது. ஒடிந்த பட்டைக்குப் பதில் வலுத்த பட்டை வருகிறது. வலுத்த பட்டை மேலும் சுமைக்கு இடம் தருகிறது. காடுகோடியிலிருந்து ஹோப் ஃபார்ம் சந்திப்புவரை மழைக்காலத்தில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கிலியின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று தெரியும்.

இத்தனையும் சொன்ன பிறகும், வண்டி தாழ்வது என்னவோ தாழ்ந்துகொண்டுதான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் பட்டை வேலை செய்யும் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த மூத்த மேஸ்திரி வாணியம்பாடிக்காரர். எல்லாரும் அவரை பாய் என்றே அழைப்பார்கள். இரண்டு பட்டை கூட்ட வேண்டும் என்று மாமா சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கட்டை அவிழ்த்து, பட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். வளைவு போய் அவை ஏறக்குறைய நேராகியிருந்தன. பட்டைக்கும் பட்டைக்கும் இடையே துரு ஏறிக் கெட்டியாகப் பிடித்திருந்தது. ஷாக் அப்சர்பரைக் கையால் இழுத்தால் தடையே இல்லாமல் வந்தது. உள்ளிருந்த எண்ணெய் எப்போதோ ஒழுகிப் போயிருந்தது.

எனக்கு அப்போதுதான் முழுப் படமும் விளங்கிற்று. பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கினால்தான் வில் வேலை செய்யும். துரு அவற்றை ஒட்டிவிட்டதால் சுமையில்லாதபோது வில் அசையவே இல்லை; வண்டி டயரின் காற்றில் மட்டுமே ஆடிற்று. சுமை ஏறியபோதோ வளைவிழந்த பட்டை கீழே போய் இடித்தது. ஆகவே வெறும் வண்டிக்குத் துள்ளல், சுமை வண்டிக்குத் தாழ்வு. இரண்டும் ஒரே மூப்பின் இரு முகங்கள். பட்டை போதாமையால் வந்த நோயே அன்று இது.

பழைய பட்டைகளையே உலையில் காய்ச்சி அடித்து வளைவு ஏற்றித் தர முடியாதா என்று மாமா கேட்டார். "ஏத்தலாம். ஆறு மாசத்துல மறுபடி படுத்துக்கும்" என்றார் பாய். அவர் சொன்னதற்குக் காரணம் எஃகின் உள்ளேயே இருக்கிறது. வில்லுக்குரிய எஃகைச் சூடேற்றி, எண்ணெயில் குளிர வைத்து, மீண்டும் அளவான சூட்டில் பதப்படுத்தியிருப்பார்கள். கணக்கில்லாத சூட்டில் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். வளைவு மட்டும் மிஞ்சும். பிறகு அவர் மாமாவிடம் கேட்டார்: "என்ன சுமக்கிறே?" தக்காளி என்றார் மாமா. "கல்லுக்குப் போடுற பட்டையைத் தக்காளிக்குப் போடாதே. உனக்கும் போடாதே" என்றார் பாய். என்னுடைய இரண்டு பக்கக் கணக்கின் முடிவு அவருடைய இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

கம்பெனி அளவிலேயே புதிய பட்டைக் கட்டு, புதிய புஷ்கள், புதிய ஷாக் அப்சர்பர்கள், பட்டைகளுக்கு இடையே கிராபைட் கிரீஸ், இவ்வளவுதான் செய்தது. பிரேக் வால்வின் கோலையும் உரிய அளவுக்குத் திருப்பி வைத்தார். செலவு மாமாவின் கையைக் கடித்தது. ஆனால் அன்று இரவு வெறும் வண்டியில் வைட்ஃபீல்டுக்குத் திரும்பும்போது, குழிகளில் இறங்கி ஏறியும் மாமா இடுப்பில் கை வைக்கவில்லை. தக்காளி நசுங்குவது குறைந்திருப்பதாகக் கடைக்காரர்களும் பிறகு சொன்னார்கள்.

இதனால் மாமாவின் வருமானம் கூடிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கூடவில்லை. 75 பெட்டிக்கு மேல் ஏற்றுவதில்லை என்று அவர் சொன்னதும், அந்த வியாபாரி முழுச் சரக்கையும் வேறொரு வண்டிக்குக் கொடுத்துவிட்டார். அந்த வண்டியில் இரண்டு பட்டை கூடுதலாக இருக்கிறது. அதை ஓட்டுபவன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். மாமா வேறு கடைகளைத் தேடிப் பிடித்தார். சின்னவளின் கட்டணத்துக்கு மாமி சீட்டு எடுத்தாள். பௌதிகம் இடுப்பைக் காப்பாற்றிற்று, கட்டணத்தைக் கட்டவில்லை. அந்தப் பையனிடமும் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, வண்டித் தவணையை யார் கட்டுறது?" என்றான். என்னைவிட மூத்தவன் என்னை அண்ணன் என்று அழைத்தான். படிக்கிறவன் என்ற மரியாதை. பதில் மட்டும் என்னிடம் இல்லை.

அக்காலக் கட்டை வண்டிக்கு வில் இல்லாமற்போனது எஃகு கிடைக்காததால் மட்டும் அன்று. ஓட்டுபவனின் முதுகு யாருடைய கணக்கிலும் வராததாலும்தான். இன்று எஃகு மலிந்துவிட்டது. ஒவ்வொரு பிக்கப்பிலும் வில் இருக்கிறது. ஆனால் வாடகைக் கணக்கு இன்னும் பெட்டிகளைத்தான் எண்ணுகிறது. அந்தக் கணக்கு மாறாதவரை, வில்லை மேலும் மேலும் விறைப்பாக்கி வண்டிக்காரர்கள் அதைக் கட்டை வண்டியாகவே திருப்பிக்கொண்டிருப்பார்கள். நம் விடுதிச் சமையற்கட்டுக்கும் தக்காளி ஏதோ ஒரு பிக்கப்பில்தான் வருகிறது. அது எத்தனை பெட்டி ஏற்றி வருகிறது என்று ஒருநாள் காலை எழுந்து போய் எண்ணிப் பார்ப்போம். அனுமதிக்கு மேல் கேட்பதில்லை என்று விடுதி நிருவாகத்தைச் சொல்ல வைப்போம். ஒரு விடுதியின் சரக்கு பெரிதன்று. ஆயினும் திருவண்ணாமலைப் பையன் கேட்ட கேள்விக்கு, சரக்கை வாங்குகிற பக்கத்திலிருந்து நாம் சொல்லக்கூடிய பதில் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.