மேசையில்லாதோர் எழுத்து

எழுத விரும்பும் இளைஞருக்கு நம் நாட்டில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. வைகறையில் எழு, தனியறையில் அமர்ந்து கதவைத் தாழிடு, எழுதப்போவதன் சட்டகத்தை முதலில் வகுத்துக்கொள், முன்னுரையில் தொடங்கி முடிவுரையில் முடி, நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுது, முடிக்கும்வரை எவருக்கும் காட்டாதே. பாடசாலையில் கட்டுரைப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் முதல் இலக்கியக் கூட்டத்தில் தலைமை வகிக்கும் பெரியவர் வரை இவற்றையே சொல்லி வருகின்றனர். சொல்பவர்களின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் இந்த அறிவுரைகளை ஒருமுறை நிதானமாக எண்ணிப் பாருங்கள். அவற்றின் பின்னால் ஒரு வீடு தெரியும். அவ்வீட்டில் தனியறை உண்டு. அறையில் மேசை உண்டு. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் அடுப்பை மூட்டவும் வேறொருத்தி உண்டு. அவளுக்கு அந்த அறிவுரையில் இடமில்லை.

நாம் வாழும் கிராண்ட்பாஸில் அத்தகைய வீடுகள் மிகச் சில. களனி ஆற்றைக் கடக்கும் பெருந்துறைக்குப் போர்த்துக்கேயர் இட்ட பெயரே உருமாறி இன்றும் வழங்குகிறது. சிங்கள மக்கள் துறையருகு என்னும் பொருளில் தொட்டலங்க என்பர். ஆற்றின்மேல் 1822இல் படகுகளைப் பிணைத்துப் பாலம் அமைத்தார்கள். 1895இல் விக்டோரியா பாலம் வந்தது. கோட்டையிலிருந்து டிராம் வண்டி 1899 முதல் இவ்வூர் வரை ஓடியது. 1960இல் கொழும்பில் டிராம் ஓட்டமே நின்றுபோயிற்று, இரைச்சல் நிற்கவில்லை. தேயிலைக் களஞ்சியங்களுக்கும் துறைமுகத்துக்கும் பாரம் ஏற்றிச் செல்லும் லொறிகள் இரவிலும் ஓய்வதில்லை. பெருவீதியை விட்டு உள்ளே திரும்பினால் தோட்டங்கள். கொழும்பில் தோட்டமென்றால் பூவுமில்லை, மரமுமில்லை. ஒரே சுவரை இரு குடும்பங்களும், ஒரே தண்ணீர்க் குழாயை இருபது குடும்பங்களும் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகள். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருவர் வீட்டு இருமலை மற்றவர் கேட்டு வாழும் இடம் அது.

இங்கேதான் நாம் எழுதக் கற்றோம். பகலில் ஒரு சிறிய அச்சகத்தில் புரூவ் பார்க்கும் வேலை. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல். இரவில் பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் ஐந்து பேர் உறக்கம். அறிவுரைப்படி எழுத நமக்கு வீடு இடம் தரவில்லை. ஆகவே நமது வாழ்க்கை எந்த முறைக்கு இடம் தந்ததோ, அந்த முறையில் எழுதலானோம். அம்முறையின் கூறுகளை இங்கே விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இதைக் கைக்கொள்ளுங்கள் என்று நாம் எவரையும் வேண்டவில்லை. முறை என்பது வானிலிருந்து இறங்கியதன்று, அவரவர் வாழ்விலிருந்து ஆக்கிக்கொள்ளத்தக்கது என்பதைக் காட்டவே இவ்விவரம்.

முதலாவது, நாம் எழுதுவதற்கு முன் பேசுகிறோம். அச்சகத்திலிருந்து வீடுவரை இருபத்தைந்து நிமிட நடை. அந்நடையில் ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்போம். லொறியின் ஓசையை மீறி நினைவில் நிற்கும் வாக்கியம் மட்டுமே வீடு வந்து சேரும். மற்றவை ஆமர் வீதிச் சந்தியிலேயே உதிர்ந்துவிடும். நினைவில் நிற்காத வாக்கியம் பெரும்பாலும் தேவையற்ற வாக்கியமாகவே இருந்திருக்கிறது.

இரண்டாவது, முன்னுரையிலிருந்து நாம் தொடங்குவதில்லை. நமக்குக் கிடைப்பது அரைமணி நேரம். அந்த அரைமணியை ‘உலகம் தோன்றிய நாள் முதலாக’ என்று செலவழித்தால் சொல்ல வந்தது சொல்லப்படாமலே விளக்கு அணைந்துவிடும். எதைச் சொல்லாவிட்டால் உறக்கம் வராதோ, அதை முதலில் எழுதுவோம். அது கட்டுரையின் நடுவாக இருக்கலாம், கடைசியாகவும் இருக்கலாம். எழுதி முடித்தபின் முன்னுரை தேவைதானா என்று பார்த்தால், பல வேளைகளில் அது தேவைப்படுவதில்லை.

மூன்றாவது, தாள். அச்சகத்தில் திருத்தி முடித்த புரூவ் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அவற்றை நீளவாக்கில் கிழித்து, ஒரு துண்டில் ஒரு செய்தி என்று எழுதுவோம். எல்லோரும் உறங்கியபின் அத்துண்டுகளைப் பாயின்மேல் பரப்பி, அச்சுக்கோப்பவர் வரிகளை அடுக்குவதுபோல் முன்னும் பின்னும் மாற்றி அடுக்குவோம். சட்டகம் வகுத்த பின்னரே எழுது என்றார்கள். நமக்கோ எழுதிய பின்னரே சட்டகம் தோன்றியது.

நான்காவது, முடியுமுன்னரே பிறருக்குப் படித்துக் காட்டுகிறோம். அடுத்த வீட்டில் ஓர் ஆச்சி இருந்தார். தேயிலைக் களஞ்சியத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர், எழுத்தறியாதவர். ஒருநாள் ‘தொழிலாளர்தம் துயரங்கள் சொல்லொணாதவை’ என்று படித்தபோது அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “சொல்ல முடியாதுன்னா ஏன் தம்பி எழுதுறீங்க? யாருக்கு என்ன துயரம்னு சொல்லுங்க.” பிறகு அவரே சொன்னார்: தேயிலைத் தூசி மூக்கில் ஏறி உண்ணும் சோற்றிலும் அதே மணம் வீசுவதை, வீட்டுக்கு வந்ததும் பேரப்பிள்ளை அருகே வரத் தயங்குவதை. அன்றுமுதல் அவர் கைதான் நமக்குத் திருத்தக்கோல். அவர் நிறுத்திய இடங்களிலெல்லாம் ஒரு துண்டுத் தாள் கூடும், அல்லது குறையும்.

ஐந்தாவது, நாள்தோறும் நாம் எழுதுவதில்லை. மாதக் கடைசியில் எழுத்து வராது, கடன்காரர் வருவர். போயா விடுமுறையில் ஒரே இருப்பில் பத்துத் துண்டுகள் எழுதுவதும் உண்டு. இரண்டு வாரம் எழுதாமலிருந்தவன் எழுத்தாளனல்லன் என்றால், மழைக்காலத்தில் வேலையின்றி இருக்கும் கூலியாளும் தொழிலாளியல்லன் என்றாகும்.

இம்முறைக்கு நாம் உரிமை கொண்டாடவில்லை. நமக்கு முன்பே நம்மவர் இவ்வாறு படைத்திருக்கின்றனர். மலையகத்தில் கொழுந்து பறித்த பெண்கள் தாளும் பேனாவுமின்றிப் பாடல் கட்டினர். வாய்மொழியாய் நின்ற அப்பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்தார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் கூட்டங்களில் பாடுவதற்கென்றே பாட்டெழுதினார். நமது வீதியிலிருந்து பல பத்தாண்டுகளாக வெளிவந்த வீரகேசரி, 1930 ஆகஸ்ட் 6ஆம் திகதி சுப்பிரமணியம் செட்டியாரால் தொடங்கப்பட்டது. அப்பத்திரிகையில் 1930களில் ஆசிரியராக இருந்தவர்களுள் வ. ரா.வும் ஒருவர், நாம் நாள்தோறும் காணும் மனிதர்களை நடைச்சித்திரங்களாக்கி, பேசும் தமிழின் உயிரை உரைநடைக்குத் தந்தவர் அவர். நாளிதழில் எழுதுவோருக்குத் தனிமையும் மௌனமும் ஏது? இயந்திரம் காத்திருக்கையில் எழுதியாக வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் சவரத் தொழிலாளியாய் வாழ்ந்த டொமினிக் ஜீவாவை வாசகர்கள் நன்கு அறிவர். ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்னும் சிறுகதைத் தொகுதிக்காக 1961இல் சாகித்திய மண்டலப் பரிசு பெற்ற அவர், 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கியபோது அவரது சலூனே அதன் காரியாலயமாயிற்று. முடி திருத்திக்கொள்ள வந்தவரும் கதை கொண்டு வந்தவரும் ஒரே வாங்கில் அமர்ந்தனர். அச்சான இதழை அவரே கையிலேந்தித் தெருத்தெருவாய் விற்றார். கதவைத் தாழிட்டால்தான் இலக்கியம் பிறக்கும் என்போர் அந்தத் திறந்த கதவுக்கு என்ன சொல்வர்?

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. பிரேசிலின் சாவோ பாவுலோ நகரில், டியேட்டே ஆற்றங்கரையில் கனிண்டே என்றொரு சேரி இருந்தது. அங்கே பழந்தாள் பொறுக்கி மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் கரோலினா மரியா டி ஜீசஸ் என்னும் கறுப்பினப் பெண். இரண்டு ஆண்டே பள்ளி சென்றவர். குப்பையில் கிடைத்த கொப்பிகளில், அன்றன்று என்ன விலைக்குத் தாள் விற்றது, எத்தனை பேருக்குச் சோறு போதவில்லை என்று நாட்குறிப்பு எழுதினார். அது 1960இல் நூலாகி, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. களனிக்கரையில் நின்று அந்நூலை எண்ணும்போது டியேட்டே ஆறு தொலைவிலிருப்பதாகத் தோன்றுவதில்லை.

இங்கே நண்பர் ஒருவர் இடைமறித்துக் கேட்டார்: “அப்படியானால் வறுமை எழுத்துக்கு நல்லது என்கிறீர்களா? மேசை கேட்டுப் போராட வேண்டாமா?” நியாயமான கேள்வி. 1929இல் வெளிவந்த தமது நூலில், பெண் எழுத வேண்டுமாயின் அவளுக்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வூல்ஃப் வாதிட்டார். அதை நாம் முழு மனத்தோடு ஏற்கிறோம். அது ஓர் உரிமைக் கோரிக்கை. அக்கோரிக்கையையே எழுதத் தொடங்குவதற்குரிய தகுதியாகத் திருப்பிவிடுவதைத்தான் நாம் மறுக்கிறோம். அறை கேட்டு எழுதுவோம். அறை கிடைக்கும்வரை வாய்மூடி இரோம். மேசையில்லாதவர் எழுதவே தகாதவர் என்றால், மேசையின்மையைப் பற்றி யார் எழுதுவார்?

இது வெறும் எழுத்தாளர் பிரச்சினையன்று. நமது தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் மாலை வகுப்புக்கு ஒரு மாணவி வந்தாள். 2016 மே மாதம் களனி பெருகியபின், வெள்ளத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பாடசாலையில் பணித்தார்கள். தாயார் தையல் இயந்திரத்தைத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்ததிலிருந்து அவள் தொடங்கியிருந்தாள். ‘முன்னுரை எங்கே?’ என்ற சிவப்பு மையோடு கொப்பி திரும்பியது. “எனக்கு எழுத வராது மாஸ்டர்” என்று அவள் கூறிய குரலில் அழுகைகூட இல்லை. தீர்ப்பை ஏற்றுக்கொண்ட அமைதி இருந்தது. அந்த அமைதியே நம்மை அச்சுறுத்தியது. உழைக்கும் மக்களின் பிள்ளைகள் எத்தனை பேர் இப்படித் தமக்கு எழுத வராதென்று முடிவுகட்டிக்கொண்டு பதினாறு வயதில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போயிருப்பர்!

“ஹற்றனிலுள்ள உன் பெரியம்மாவுக்கு வெள்ளத்தைப் பற்றிச் சொல்லியாயிற்றா?” என்று கேட்டோம். இல்லையென்றாள். “அப்படியானால் அவருக்குக் கடிதமாக எழுது” என்றோம். நான்கு நாளில் ஒன்பது பக்கம் எழுதி வந்தாள். சனசமூக நிலையத்தில் அதைப் படித்தபோது தோட்டமே கூடிற்று. தண்ணீர் எந்தச் சுவரில் எத்தனை அடி ஏறியது என்பதில் வாக்குவாதம் எழுந்தது. அவள் பென்சிலால் திருத்திக்கொண்டாள். நிவாரணப் பட்டியலில் ஒரே வீட்டிலக்கத்தின்கீழ் ஒன்றாய் அடங்கிப்போன மூன்று குடும்பங்கள் அவள் எழுத்தில் தத்தம் பெயரோடு தனித்தனியே நின்றன. தம் பெயர் வாசிக்கப்பட்டபோது ஒரு முதியவர், “திரும்பப் படி மகள்” என்றார்.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒன்று சொல்வோம். பரீட்சைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை வேண்டுமானால் அதைப் பரீட்சைத் தந்திரமாகக் கற்பியுங்கள். அதுவே எழுத்து என்று கற்பிக்காதீர்கள். வாரத்தில் ஒரு பாடவேளையாவது மாணவர் முதலில் பேசட்டும். தாம் விரும்பிய இடத்திலிருந்து தொடங்கட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் இடைமறித்துக் கேட்கட்டும். சிலருக்கு வைகறையும் மௌனமுமே உகந்த முறையாக இருக்கலாம். அவர்கள் அவ்வாறே எழுதுக. இன்று கைத்தொலைபேசியில் பேசிப் பதிவு செய்து, பின்னர் அதைக் கேட்டு எழுதும் இளைஞரும் உளர். அதையும் எழுத்தன்று எனத் தள்ளாதீர்கள்.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையமும் நூலகமும் மாலை எத்தனை மணிக்குப் பூட்டப்படுகின்றன என்று விசாரியுங்கள். வேலை முடிந்து வருவோருக்காக இரவு ஒன்பதரை வரை ஒரு விளக்கும் ஒரு நீள மேசையும் வேண்டுமென்று மனுக் கொடுங்கள். அம்மனுவை எழுதும்போது முன்னுரை தேட வேண்டாம். யாருக்கு மேசையில்லை என்பதிலிருந்தே தொடங்குங்கள்.