மாமாவின் 38 மணி 20 நிமிடம்

எங்க மாமாவுக்குத் தேரடி வீதியில் பாத்திரக்கடை. பௌர்ணமி வந்துவிட்டால் கிரிவலக் கூட்டத்தில் அவருக்கு நிமிர நேரம் இருக்காது. அந்த மனுஷன் ஒரு காலத்தில் விமானம் ஓட்டினார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை, பீரோவிலிருந்து அந்த லாக் புத்தகம் வெளியே வரும்வரை.

1994ல் விமானப்படை பைலட் பயிற்சிக்குத் தேர்வாகிப் போயிருக்கிறார். எச்.பி.டி-32 என்று ஹெச்.ஏ.எல். தயாரித்த சின்ன விமானம். ஒரே இஞ்சின். ஆசிரியரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். (2009ல் அதைப் பறக்கவிடுவதையே நிறுத்திவிட்டார்கள்.) புத்தகத்தில் தினமும் எத்தனை நிமிடம், என்ன பயிற்சி, யாருடன் என்று எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. கடைசிக் கூட்டல் 38 மணி 20 நிமிடம். அதற்கப்புறம் வெறும் கோடுகள்தான். லேண்டிங் சரியாக வரவில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"தப்பு என்னோடதுதான்டா. தரை வர்றதுக்கு முன்னாடியே மூக்கைத் தூக்கிடுவேன்" என்பார். வேறு யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

போன வருஷம் ஒருநாள் திடீரென்று கூப்பிட்டார். "பிரைவேட் பைலட் லைசென்ஸுக்கு 40 மணி நேரம் போதுமாம். என்னோட மணி செல்லுமான்னு பாத்துச் சொல்லு."

மெக்கானிக்கல் படிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! இருந்தாலும் உட்கார்ந்து படித்தேன். 17 வயது, பத்தாம் வகுப்பு பாஸ், இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வு, 40 மணி நேரப் பறப்பு, அப்புறம் பறந்து காட்டும் சோதனை. அதாவது நம்மில் பலபேருக்குத் தகுதி உண்டு, பணம்தான் இடிக்கும். 1937ஆம் ஆண்டு விமான விதிகளில் படை பைலட்டுகளுக்குச் சலுகையும் இருக்கிறது. சில தேர்வுகளிலிருந்தும் சோதனைகளிலிருந்தும் விலக்குத் தரலாம். ஆனால் அது முழுத் தகுதி பெற்ற பைலட்டுக்கு. பாதியில் வந்தவருக்கு? போதாக்குறைக்கு, பழைய மணி மட்டும் போதாது, சமீபத்தில் பறந்த கணக்கும் வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. நம்ம கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ முடித்தால் பி.ஈ.யில் நேராக இரண்டாம் வருஷம் சேர்க்கிறார்கள். ஐ.டி.ஐ. முடித்தவர் இங்கே இரண்டாம் வருஷம் வந்து நம்மோடு உட்காருகிறார். அவர்கள் படித்ததை யாரும் அழிக்கவில்லையே! பட்டம் வாங்கினால்தான் படிப்பு, இல்லையென்றால் காற்றோடு போச்சு என்பது என்ன நியாயம்?

இதற்கு நடுவில் அமெரிக்காவில் இருக்கும் மாமாவின் பழைய பயிற்சித் தோழர் போனில் வேறு கதை சொன்னார். அந்த நாட்டு விதி 61.41ன்படி, சர்வதேச விமான ஒப்பந்தத்தில் சேர்ந்த எந்த நாட்டுப் படையின் பைலட் பயிற்சியிலும் படை ஆசிரியரிடம் கற்ற நேரத்தைக் கணக்கில் சேர்க்கலாமாம். அங்கேயும் குறைந்தபட்சம் 40 மணிதான். சோதனைக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் மூன்று மணி நேரமாவது ஆசிரியரோடு பறந்திருக்க வேண்டும்.

நான் குதித்தேன். மாமா சிரித்தார். "மணி செல்லும்டா, கை செல்லாது. முப்பது வருஷமா அண்டா தூக்கின கை. பழசை நம்பி என்னை மேல விட்டா, முதல்ல பயப்படுறது நானாத்தான் இருப்பேன்."

அப்படியானால் ஏன் கேட்டார்? அன்று ராத்திரி மொட்டை மாடியில் மலையைக் காட்டினார். "ஏர்ஃபீல்டைச் சுத்தி வர்ற உயரம் தரையிலேர்ந்து ஆயிரம் அடி. அதோ, மலையில பாதிகூட இல்ல. அங்கதான் நான் ஆறு தடவை தனியாப் பறந்தேன். அது கணக்குல இருக்கான்னு தெரிஞ்சிக்கணும்னு தோணிச்சு."

நான் பதில் சொல்லவில்லை. கீழே அத்தை சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முதல் மணியிலிருந்தே ஆரம்பிக்கப் போகிறாராம். அடுத்த மாதம் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்னை போகிறார். கொஞ்சம் பிரஷர் இருக்கிறது, அதனால் ஊறுகாயை விட்டாச்சு. அத்தையிடம் பாத்திரம் கொள்முதல் என்று சொல்லியிருக்கிறார். இந்த மலர் ஒரு பிரதி எங்கள் வீட்டுக்கும் வரும். அத்தை கையில் மட்டும் சிக்கக்கூடாது!