விடுதலைப் பத்திரம்

அப்பா 2022-ல் இறந்தார். காரியம் முடிந்த வாரம் பீரோவில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு கிடைத்தது, உள்ளே அவர் எழுதிய உயில். இதைக் கோர்ட்டில் நிரூபித்து 'புரொபேட்' வாங்க வேண்டும் என்று எங்கேயோ படித்திருந்தேன். தஞ்சாவூர் வக்கீல் கையை அசைத்து மறுத்துவிட்டார். "திருவையாத்து நெலத்துக்கு அதெல்லாம் வேணாம் தம்பி. அது மெட்ராஸ் சொத்துக்கு."

அவர் சொன்னது சரிதான். 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் 2025 வரை இந்துக்களுக்குப் புரொபேட்டைக் கட்டாயமாக்கியிருந்தது சில இடங்களில் மட்டும்தான். இங்கே என்றால், சென்னை எல்லைக்குள் எழுதப்பட்ட உயில் அல்லது அங்கிருக்கும் வீடு, நிலம் பற்றிய உயில். காவிரிக்கரை வயலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இன்னொன்றையும் அவர் சொன்னார். புரொபேட் கோர்ட்டுக்கே போனாலும், உயில் உண்மையா, சுய நினைவோடு எழுதியதா என்றுதான் நீதிபதி பார்ப்பார். எழுதியவருக்கு அந்தச் சொத்து சொந்தமா என்பது அங்கே கேள்வியே இல்லை.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விதான் பாக்கி இருந்தது.

உயில் ரெண்டு பக்கம். வெள்ளைத்தாள், பதிவு செய்யவில்லை, ஆனால் ரெண்டு சாட்சிகளின் கையெழுத்து இருக்கிறது. சட்டத்துக்கு அது போதும். முத்திரைத்தாளோ பதிவோ உயிலுக்குக் கட்டாயமில்லை. "எனக்குப் பாத்தியப்பட்ட 6 மா நஞ்சை நிலத்தை என் மனைவி, மகன், மகள் மூவரும் சமமாக அடைய வேண்டியது." ஆறு மா என்றால் ஏறக்குறைய 2 ஏக்கர். தங்கை அதைப் படித்துவிட்டு அழுதாள். எங்கள் தெருவில் மகளுக்குச் சமபங்கு என்று எழுதிவைத்த அப்பாக்கள் குறைவு.

பட்டா மாற்றலாம் என்று இணையத்தில் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தேன். உரிமையாளர் பெயர் இருந்த இடத்தில் தாத்தா. 1994-ல் செத்துப்போன மனுஷன். மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது புதுசில்லை. யாரும் புதுப்பிக்காத பதிவு அப்படியேதான் கிடக்கும். அப்பா இருபத்தெட்டு வருஷம் உழுது, தீர்வை கட்டி, சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கி ஆண்ட நிலம் காகிதத்தில் அவர் பேருக்கு வரவே இல்லை.

அதே கோப்பில் இன்னொரு தாளும் இருந்தது. தாத்தா பள்ளிக்கூட வாத்தியார். பாட்டிக்குக் குடும்ப ஓய்வூதியம் வாங்குவதற்காக எடுத்த வாரிசுச் சான்றிதழ் அது. மூன்று பெயர்கள்: பாட்டி, அப்பா, அத்தை.

நிலம் தாத்தா 1968-ல் தன் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் போய்விட்டார். 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூன்று பேருக்கும் சமபங்கு. ஆளுக்கு 2 மா. பாட்டியும் 2003-ல் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அவர் பங்கு பிள்ளைகள் இருவருக்கும் ஒவ்வொரு மா. ஆகமொத்தம் அப்பாவுக்கு 3 மா, அத்தைக்கு 3 மா. உயிலில் ஆறு என்று எழுதியதால் மூன்று ஆறாகிவிடாது. எங்கள் மூவருக்கும் வரவேண்டியது ஆளுக்கு ஒரு மா.

இதைச் சொன்னதும் பங்காளி முறைப் பெரியப்பா சட்டம் பேசினார். "89-க்கு முன்னாடி கட்டிக்குடுத்த பொண்ணுக்குப் பங்கு கெடையாதுடா." டெல்டாவில் டீக்கடைக்கு டீக்கடை இது ஓடுகிறது. பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு நாள் ஓடுகிறது. மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் 25.3.1989 முதல் அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமானவர்களை அது சேர்க்கவில்லை. மத்திய அரசின் 2005ஆம் வருடத் திருத்தத்தில் அந்த விலக்கு கிடையாது. அந்த உரிமைக்கு அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தச் சண்டை எல்லாம் மூதாதையர் சொத்துக்கு. தாத்தா தானே வாங்கி, உயில் எழுதாமல் விட்ட நிலத்தில் மகளுக்குப் பங்கு 1956-லிருந்தே உண்டு. அத்தைக்கு 1978-ல் கல்யாணம் ஆனதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெரியப்பா விடவில்லை. "சரி, இருக்கட்டும். ஒரு விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிடு. அக்கா ஒன்னும் சொல்லாது."

அந்தச் சொல்லில் கொஞ்ச நாள் மாட்டிக்கொண்டேன். ஒரு பெண் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடும் தாளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் விடுதலை. செலவு மிச்சம் என்றும் சொன்னார்கள், அதுவும் தப்பு. குடும்பத்துக்குள் போடும் விடுதலை, பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் மூன்றுக்கும் முத்திரைத் தீர்வை ஒரே 1 சதவீதம்தான். 2023 ஜூலை 10 முதல் உச்சவரம்பு 25,000-லிருந்து 40,000 ரூபாய் ஆனது, பதிவுக் கட்டணத்தின் வரம்பு 4,000-லிருந்து 10,000. அது மூன்றுக்கும் சேர்த்துத்தான் ஏறியது. அவள் பங்கைக் கொடுப்பதற்கும் வாங்கிக்கொள்வதற்கும் சர்க்கார் ஒரே விலைதான் வைத்திருக்கிறது.

எனக்குப் புரியாதது அப்பாதான். மகளுக்குச் சமமாக எழுதத் தெரிந்தவருக்கு அக்கா எப்படி விட்டுப்போனார்? யோசித்ததில் எனக்குக் கிடைத்த விடை கொஞ்சம் கசப்பு. நம் தலைமுறைகளின் சமத்துவம் கீழ்நோக்கித்தான் பாய்கிறது. மகளுக்கு எழுதும் பங்கு நாம் செத்த பிறகு கைமாறுவது, நமக்கு அதில் ஒரு குழிகூடக் குறையாது. அக்கா தங்கைக்கு என்றால் உயிரோடு இருக்கும்போதே பாதி நிலத்தில் வரப்புப் போட வேண்டும். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள்கூடப் பக்கவாட்டில் திரும்புவதில்லை.

எங்கள் ஊரில் வேறு மாதிரி ஓர் உயிலும் உண்டு. பெங்களூர் நாகரத்தினம்மாள் 1920-களில் தன் சொந்தக் காசைப் போட்டுத் தியாகராஜர் சமாதியைக் கட்டினார். அங்கே நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அவர் வருஷக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 1952-ல் இறந்த அவர், தன் சொத்தை அந்தச் சமாதிக்கே எழுதிவைத்தார். தேவதாசிகள் உட்பட பெண்களுக்கு அங்கே வழிபடவும் பாடவும் உரிமை இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. தனக்குச் சொந்தமானதை வைத்து அவர் நியாயம் எழுதினார். அப்பாவின் நியாயத்தில் பாதி அத்தையின் நிலத்தின் மேல் எழுதப்பட்டிருந்தது.

அத்தை வீடு பாபநாசம் பக்கம். ரெண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போனேன்.

"எனக்கு அதுல இருக்குன்னு யாருப்பா சொன்னா?"

"சட்டம் சொல்லுது அத்தை. மூணு மா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான்றிதழில் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். "இது ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

ரெண்டு தாளும் ஒரே கோப்பில் இருந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"என் கல்யாணத்துக்குக் காசு பத்தலன்னு ஒரு வருசம் காலேஜுக்குப் போவாம நின்னுச்சு தம்பி" என்றார். அவர் தம்பி என்றது அப்பாவை. "அத்தோட கணக்கு முடிஞ்சிதுன்னு நெனச்சிருக்கும்."

அப்பாவை எனக்கு விளக்கிய ஒரே வாக்கியம் அது. அக்காவை அவர் மறக்கவில்லை. பணத்தில் முடித்த கணக்கு என்று அவரே ஒன்றை வைத்திருந்தார், அதை யாரிடமும் காட்டிச் சரிபார்க்கவில்லை. ஒரு வருஷப் படிப்புக்கும் 3 மா நிலத்துக்கும் நேர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதை அவர் ஒருத்தர் மட்டும் முடிவு பண்ணியிருக்கக் கூடாது.

கிளம்பும்போது அத்தை சொன்னார்: "நீ வரேன்னதும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடலாம்னுதான் இருந்தேன். கேட்டுட்ட இல்ல, இப்ப வேணும்னு தோணுது."

2024-ல் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானது. அம்மா, தங்கை, நான், அத்தை நான்கு பேரும் கையெழுத்துப் போட்டோம். சர்வேயர் வந்து அளந்து உட்பிரிவு ஆனது, நடுவில் புது வரப்பு விழுந்தது. இணையப் பட்டாவில் தாத்தா பெயர் போய் எங்கள் பெயர்கள் வந்தன. அத்தைக்குத் தனிப் பட்டா.

ஆறு மாசத்தில் அத்தான் தரகரோடு வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதாகக் குத்தகைக்காரர் போன் செய்தார். புறவழிச்சாலை வேலை தொடங்கியதிலிருந்து அந்தப் பக்கம் மனைக்கட்டு விலை பேசுகிறார்கள். பெரியப்பாவுக்கு அன்றைக்கு வாய் நிறையச் சிரிப்பு. எனக்கு வயிறு எரிந்தது உண்மை. சம்பா விளையும் பூமியில் சிமெண்டுக் கல் நடுவதைப் பார்க்க யாருக்குப் பிடிக்கும்? ஆனால் நமக்குப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டால்தான் கொடுப்போம் என்றால் அதற்குப் பெயர் பங்கு இல்லை, சீர். அதை அத்தைக்கு 1978-லேயே செய்தாகிவிட்டது.

"வித்துடுவாங்களாமே?" என்றார் அம்மா.

"அவங்க நெலம்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தார். "வித்தா வித்துட்டுப் போறாங்க. நமக்குத் தண்ணி வாய்க்கா அந்தப் பக்கமாத்தான் வருது. அத பத்திரத்துல எழுதியிருக்கா?"

எழுதியிருந்தது.