கோட்டைக் கருந்தூண்கள்

ஆம்பூர்

அன்பு மகள் யாழினிக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ குடியிருக்கும் லண்டன் சதுக்கத்தின் தூண்வரிசையையும் வாயில்களையும் படமெடுத்து அனுப்பி, "நம்ம பக்கம் இப்படி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருந்தாய். உண்டு, சென்னை ஜார்ஜ் கோட்டையில். அதன் கதை நம் ஆம்பூர் வரை வருகிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துச் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, மசூலாப் படகேறி அலை தாண்டி வந்தவர்கள் கோட்டையின் கடல் வாயிலருகே கரையேறினார்கள். அந்த வாயிலிலிருந்து கவர்னர் மாளிகை இருந்த உட்கோட்டைச் சதுக்கம் வரை, 1732-ல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் 32 தூண்கள் கொண்ட மண்டபம் எழுப்பினார். பாணி ஐரோப்பாவினுடையது. கல்லோ பல்லாவரத்துக் கருங்கல். உளிக்கு எளிதில் இணங்காது, மெருகேற்றினால் கண்ணாடியாய் மின்னும். பின்னாளில் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பாறைவகைக்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார்.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். இந்தத் தூண்களைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு பெரிய கற்களைக் கொண்டுபோக மெனக்கெட்டார்கள் என்றால் அவற்றின் அருமையைப் பார்த்துக்கொள். 1749-ல் உடன்படிக்கைப்படி சென்னை ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது, தூண்கள் திரும்பவில்லை.

அதே 1749 ஆகஸ்டில்தான் ஆம்பூர்ப் போர் நடந்தது. ஆற்காடு நவாப் அன்வருதீன் கான், நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் ஐதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்கும் பிரெஞ்சு கவர்னர் தியூப்ளேயின் படையோடு வந்து தாக்கியதில் இங்கே களத்திலேயே உயிர்விட்டார். ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் இடையிலான போட்டி அங்கே தூண்களைப் பெயர்த்தது, ஆற்காடு நவாபின் கர்நாடகப் பகுதி யாருக்கு என்ற போட்டி இங்கே நவாபைச் சாய்த்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்த பிறகே தூண்கள் சென்னைக்கு மீண்டன. காலப்போக்கில் பழைய மண்டபம் போய்விட்டது. அதன் 20 தூண்கள் இன்று சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் உள்ள கட்டடத்தின் முகப்பில் நிற்கின்றன.

"வெள்ளைக்காரன் கட்டியது, நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கட்டச் சொன்னவர் கவர்னர்தான். கல் நம் மலையினுடையது. அந்தப் போர்களில் மிதிபட்ட வயல்கள் நம் முன்னோர்களுடையவை. இன்று அந்தத் தூண்களைக் கடந்து உள்ளே போகிறவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். இதைவிட வேறென்ன உரிமை வேண்டும்?

வேலூர்க் கோட்டையை நீ சிறுவயதில் பார்த்திருக்கிறாய், இந்தக் கோட்டையையும் பார்க்க வேண்டும். அடுத்தமுறை விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே ஆம்பூருக்கு ரயிலேறாதே. ஜார்ஜ் கோட்டைக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்க்கப் போகும்போது அந்தக் கருந்தூண்களையும் நின்று பார்த்துவிட்டு வா. உன் லண்டன் தோழிகளுக்கும் இந்தக் கதையைச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா